ஸ்டெதஸ்கோப்: ‘மானி’யா, ‘நோக்கி’யா, ‘கேட்பி’யா?

அன்பர்களே,

ஸ்டெதஸ்கோப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ஸ்டெதஸ்கோப்புக்கு ‘இதயத்துடிப்புமானி’ என்றே வைத்துக்கொள்ளலாம். பலரும் எழுதிப் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான், சரி. ஆனால் அந்த ‘மானி’ உறுத்துகிறது. மானம் என்றால் அளவு. வெப்பமானி, காற்றழுத்தமானி, வேகமானி எல்லாம் ஏதோ ஓர் எண்ணைத் தருகின்றன. ஸ்டெதஸ்கோப்பில் எண் எங்கே இருக்கிறது?

இரத்த அழுத்தம் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். மேற்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறார்கள். முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பின் வட்டை வைத்துக்கொண்டு காற்றை மெல்ல இறக்குகிறார்கள். ‘டப் டப்’ என்று முதலில் கேட்கும்போது மேல் எண், சத்தம் அடங்கும்போது கீழ் எண். இரண்டையும் தருவது பாதரசக் குழாயோ முள் நகரும் வட்டமோதான், அதுவே அழுத்தமானி. காதில் மாட்டிய கருவி ‘இப்போது பார்’ என்று சொல்வதோடு சரி. அருகருகே இருக்கும் இரண்டையும் மானி என்றால் படிக்கிற பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். அப்புறம், அங்கே கேட்பது இதயத்துடிப்பும் இல்லை. நெருக்கப்பட்ட தமனிக்குள் இரத்தம் பாயும் ஓசை. நுரையீரலுக்கும் குடலுக்கும் இதே கருவிதான்.

கிரேக்கத்தில் ‘ஸ்டெதஸ்’ என்றால் மார்பு, ‘ஸ்கோப்’ என்றால் நோக்கி, ஆகவே ‘மார்புநோக்கி’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் அழகாக உட்காரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் செய்தது என்ன? தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் காதைக் கொடுத்தார். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கிரேக்க வேருக்கு ஆராய்தல் என்ற பொருளும் உண்டு என்பீர்கள். உண்மைதான், ஆனால் தமிழில் ‘நோக்கி’ என்றதும் மனம் கண்ணுக்குத்தான் போகும்.

ஆங்கிலத்திடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஸ்கோப், மீட்டர் இரண்டையும் அது பிரித்து வைத்திருக்கும் விதம். பழைய தெர்மோஸ்கோப்பில் அளவுக்கோடு கிடையாது. மேலே காற்றடைத்த கண்ணாடிக் குமிழ், கீழே நீரில் நிற்கும் குழாய். குமிழைக் கையால் பொத்தினால் உள்ளே காற்று விரிந்து குழாயில் நீர் இறங்கும், ஆறினால் ஏறும். சூடு கூடியதா குறைந்ததா என்று மட்டும் தெரியும். கோடு கிழித்து எண் எழுதிய பிறகுதான் அது தெர்மோமீட்டர். தமிழில் வெப்பங்காட்டி, வெப்பமானி என்று இதைக் கச்சிதமாகப் பிரிக்கலாம். தங்க இலை மின்காட்டியும் அப்படித்தான்: இலைகள் விலகினால் மின்னூட்டம் இருக்கிறது என்று பொருள், எத்தனை கூலும் (மின்னூட்டத்தின் அலகு) என்று அது சொல்வதில்லை. ‘காட்டி’ என்று பெயர் வைத்தவர் நன்றாக யோசித்திருக்கிறார்.

இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் ஈசிஜியில் கருவிக்கும் அது தரும் தாளுக்கும் ஒரே பெயர் புழங்குவதும் எனக்குக் குறைதான். கருவியை வரைவி என்றும் தாளை வரைவு என்றும் சொன்னால் தீர்ந்தது.

சரி, என் முன்மொழிவு ‘உடலொலிகேட்பி’. முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘கேட்பி’ என்றாலே போதும்.

‘கேட்பி’ பிறவினை ஆயிற்றே, ‘கேட்கச் செய்’ என்றல்லவா பொருள் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் தடுப்பார்கள். ஆமாம், அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்பவர் மருத்துவர், கேட்கச் செய்வது கருவி. வினைப்பகுதி அப்படியே பொருளுக்குப் பெயராகலாமா என்றால், கதவில் தொங்கும் பூட்டைப் பாருங்கள். பூட்டு என்று ஏவுவதும் அதே சொல், கையில் எடுப்பதும் அதே சொல். அதை யாரும் குழப்பிக்கொண்டதில்லை.

ஒரு வாக்கியத்தில் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “மருத்துவர் கேட்பியை முதுகில் வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார்.” எங்காவது இடறினால் எழுதுங்கள்.