திருவாதவூர் முகாம் பிள்ளைக டியூஷனுக்கு அரசு நிதி கேட்டோம், ஃபைல் திரும்பி வந்துருச்சு. என்ன தப்பு?

மேலூர் வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க எட்டுப் பேரு 2018ல சங்கமா பதிவு பண்ணி மேலூர் பக்கம் சாயங்கால டியூஷன் நடத்துறோம். ரெண்டு வருசமா திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகதான் பாதிக்கு மேல, அதுல பத்தாவது மட்டும் பதினோரு பேரு. வாடகை, கரண்டு, ரெண்டு டீச்சர் சம்பளம்னு கைக்காசப் போட்டு முடியல. 2021ல சட்டசபையில முகாம் ஆளுகளுக்கு 317 கோடின்னு அறிவிச்சாங்கல்ல, அதுல நமக்கும் ஏதாச்சும் இருக்கும்னு ஒரு ஆபீஸ்ல மனு குடுத்தோம். நாலு மாசம் கழிச்சு ஃபைல் அப்பிடியே வந்துருச்சு. கடுதாசி எதுவும் இல்ல, பைலா, அதான் சங்கத்து விதிமுறை, அதுல ரெண்டாம் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு, ஓரத்துல ஒரு கேள்விக்குறி, அம்புட்டுதான். அகதிகளுக்கு வேலை செஞ்சா நிதி கிடையாதுன்னு ரூல் ஏதும் இருக்கா?

ஆனையூர் அக்கா:
தம்பி அப்பிடி ரூல் எல்லாம் இல்ல. ஆனா அந்த 317 கோடிய மறந்துருங்க. 7,469 வீடு கட்டுறது, படிப்புச் செலவு, மாசப் பணக்கொடைய ஏத்துறதுன்னு அரசே நேரா பண்ற செலவு அது. குடும்பத் தலைவருக்கு 1,000ல இருந்து 1,500 ஆச்சு, மத்த பெரியவங்களுக்கு 750ல இருந்து 1,000, 12 வயசுக்குக் கீழ 400ல இருந்து 500. குடும்பத்து கைக்குப் போற காசு, சங்கத்துக்குனு அதுல பங்கு பிரிக்கல.
சரி, அந்தப் பென்சில் கோடு எந்த வரிக்குக் கீழ? அப்பிடியே டைப் பண்ணுங்க.

மேலூர் வாத்தியார்:
"மேலூர் வட்டத்தில் நிரந்தரமாக வசிக்கும் ஏழை இந்தியக் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி செய்தல்." பத்திரம் எழுதுறவரு வச்சிருந்த மாடல ஒட்டிக் குடுத்தாரு, நாங்களும் படிக்காம கையெழுத்துப் போட்டோம்க்கா.

ஆடிட்டர் ஆபீஸ் பையன்:
அண்ணே அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. முகாம் பிள்ளைக நம்ம பெரியாஸ்பத்திரியிலேயே பிறந்திருந்தாலும், அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கைக்காரங்கன்னா சட்டப்படி இந்தியக் குடிமக்கள் கிடையாது, 1987 ஜூலைக்கு அப்பறம் பிறந்ததுக பூராம் இப்பிடித்தான். உங்க பைலாப்படி பார்த்தா அந்தப் பிள்ளைகளுக்குச் செலவு பண்றதே உங்க நோக்கத்துக்கு வெளிய! நிதி குடுக்கிற யாருமே முதல்ல பார்க்கிறது அந்தப் பக்கத்தத்தான். பொதுக்குழு கூட்டி சிறப்புத் தீர்மானம் போட்டு, "மறுவாழ்வு முகாம்களில் வசிப்போர் உட்பட"ன்னு சேர்த்து மாவட்டப் பதிவாளர்ட்ட பதிவு பண்ணுங்க. அப்பறம் வருசக் கணக்கு ஒழுங்கா தாக்கல் பண்ணீங்களா? மார்ச் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள போயிருக்கணும். வருமான வரி ஆபீஸ்ல வாங்குற 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை குடுக்கிறவருக்கு வரிச் சலுகை) பதிவு உசுரோட இருக்கா, இல்ல தற்காலிகமா வாங்கினது மூணு வருசத்துல காலாவதி ஆயிருச்சா? மத்திய அரசு பக்கம் போகணும்னா என்ஜிஓ தர்பண்ங்கிற, தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளத்துல பதிஞ்சு வாங்குற நம்பர் வேணும். கம்பெனிக சமூகப் பணிக்கு ஒதுக்குற சிஎஸ்ஆர் காசுன்னா 12ஏ, 80ஜி ரெண்டோட மூணு வருச வேலை காட்டணும், உங்களுக்கு அது இருக்கு, என்னையக் கேட்டா உங்களுக்கு அதுதான் தோது.

மேலூர் வாத்தியார்:
80ஜி வாங்கவே இல்ல தம்பி. ஒரு பிள்ளையோட சித்தப்பா கனடாவுல இருக்காரு, நாப்பதாயிரம் அனுப்புறேன், சங்கத்து அக்கவுண்ட் நம்பர் குடுங்கங்கிறாரு. அது வரைக்கும் அத வச்சு ஓட்டலாமா?

ஆடிட்டர் ஆபீஸ் பையன்:
அய்யய்யோ குடுத்துறாதீங்க! அவரு கனடா பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ, ரெண்டுமே வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நிதி வாங்குறதுக்கான மத்திய அரசு பதிவு, அது இல்லாம சங்கம் ஒரு ரூபா வாங்கக் கூடாது. அது வாங்கவும் மூணு வருசம் ஆயிருக்கணும், கடைசி மூணு வருசத்துல 15 லட்சம் செலவு காட்டணும், அந்தக் காசுக்கான பேங்க் கணக்கு டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல இருக்கணும். சொந்தக்காரங்களுக்கு வருசம் 10 லட்சம் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே அவரு அனுப்பிக்கலாம், அது அந்தக் குடும்பத்துக்கு, சங்கத்துக்கு இல்ல.

ஆனையூர் அக்கா:
நான் ஒண்ணு சொல்றேன், பணம் கேட்டு மனு போடாம இடம் கேட்டுப் போடுங்க. முகாம்ல சமுதாயக் கூடம் இருந்தா, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அங்க வகுப்பு நடத்த கலெக்டர்ட்ட அனுமதி கேளுங்க, அனுமதி இல்லாம உள்ள போனாலும் வம்புதான். நாங்க அப்பிடித்தான் தையல் வகுப்பு ஆரம்பிச்சோம், நாலு மிஷின், வாடகை மிச்சம். அனுமதிக் கடுதாசி கையில இருந்தா பின்னாடி சிஎஸ்ஆர்காரங்க கேட்டாலும் காட்டலாம்.

மேலூர் வாத்தியார்:
வர்ற ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுக்கு ஆளச் சொல்லியாச்சு. இன்னொண்ணு, கூட்டத்துல பேசினத எழுதி வைக்கிற மினிட்ஸ் நோட்டுல கொரோனா காலத்துல இருந்து மூணு வருசம் வெத்துப் பக்கம். உக்காந்து எழுதி முடிச்சிரலாமா?

ஆடிட்டர் ஆபீஸ் பையன்:
வேணாம்ணே. மூணு வருச மினிட்ஸும் ஒரே பேனா, ஒரே கையெழுத்துல இருந்தா பச்சப்புள்ளைக்கும் தெரியும். கூட்டம் நடக்கலன்னா நடக்கலன்னே இந்தக் கூட்டத்துல பதிஞ்சு, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கணக்கோட கொண்டு போங்க. நோட்ட போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.