பெருந்தமனி அறுவைக்குப் பிறகு வந்த ஸ்கேன் அறிக்கைகள்: எங்களுக்கு நேர்ந்தவை

கோவையிலிருந்து:

லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 49. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு பென்டால் அறுவை சிகிச்சை நடந்தது. என் பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலேயே இரண்டுதான். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்குமாம். வால்வு நன்றாகக் கசிந்தது. அதற்கு மேலே பெருந்தமனி 56 மில்லிமீட்டருக்கு வீங்கியிருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, இயந்திர வால்வு பொருத்திய 28 மில்லிமீட்டர் டேக்ரான் (செயற்கைத் துணி) குழாயை வைத்து, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் இரண்டையும் அதில் தைத்தார்கள். 1968இல் பென்டாலும் டி போனோவும் வெளியிட்ட முறை இது.

ஆபரேஷனைவிட அதன் பிறகு வந்த தாள்கள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன.

மூன்றாம் மாதம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மையத்தில் எக்கோ எடுத்தேன். டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுபோகவில்லை, அது என் தவறு. அறிக்கையில் ஈ.எஃப்., அதாவது இதயத்தின் இடது கீழறை தன்னில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதத்தைத் தள்ளுகிறது என்ற அளவு, 52 என்று இருந்தது. ஆபரேஷனுக்கு முன் 60. ‘பேரடாக்சிகல் செப்டல் மோஷன்’ என்று ஒரு வரி. வால்வைத் தாண்டும்போது சராசரி அழுத்த வேறுபாடு 12. கீழே ‘டிரிவியல்’, அதாவது மிகச் சிறிய, கசிவு. புது வால்வு போட்டும் கசிகிறதா? அன்று இரவு பட்டறையை மூடாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அறுவை மருத்துவர் வரிவரியாக விளக்கினார். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள சுவர், நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பிறகு வழக்கத்துக்கு மாறாக அசைவது சாதாரணம்; அதை மட்டும் வைத்து மாரடைப்பு என்று நினைக்கக் கூடாது என்றார். பெரிய கசிவு இருந்த காலத்தில் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி ஈ.எஃப். நன்றாகத் தெரிந்திருக்கிறது. கசிவு நின்றதும் முதலில் கொஞ்சம் இறங்கிப் பிறகு ஏறுவது பலருக்கும் நடப்பதுதானாம். எனக்கு ஓராண்டில் 58க்கு வந்தது. இயந்திர வால்வில் அழுத்த வேறுபாடு சிறிதாவது இருக்கும்; சராசரி 20க்குக் கீழே என்றால் பொதுவாகப் பயமில்லை. அந்தத் துளிக் கசிவு வால்வின் அமைப்பிலேயே உள்ளது. மூடும் இடத்தில் ரத்தம் உறையாமல் கழுவிவிடுவதற்காக வைத்திருக்கிறார்கள்.

முதல் ஆண்டு முடிவில் எடுத்த சி.டி. இன்னொரு அடி கொடுத்தது. டேக்ரான் குழாய் முடிந்து என் சொந்தத் தமனி தொடங்கும் வளைவுப் பகுதி முன்பு 38 என்று இருந்தது, இப்போது 42. மறுபடியும் நெஞ்சைப் பிளக்க வேண்டுமோ என்று கை நடுங்கியது. மருத்துவர் இரண்டு சி.டி.களையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் போட்டார். வளைந்து போகும் குழாயின் குறுக்கே ஒரு கோட்டைச் சாய்வாக இழுத்தார்: 42. அதே இடத்தில் குழாய்க்குச் செங்குத்தாகத் திருப்பி இழுத்தார்: 39.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தண்டின் விட்டத்தை அளக்கும்போது வெர்னியரைச் சாய்த்துப் பிடித்தால் அளவு கூடித்தான் காட்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது இது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பவர் கையிலேயே வரும் என்றார். நிஜமாகவே வளர்கிறதா என்று அடுத்த சி.டி.யில் அதே இடத்தை அதே முறையில் அளந்து பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

என் அப்பாவுக்குப் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, கொழும்பில் அவசர அறுவை செய்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் முதுகுப்பக்கமாக இறங்கும் தமனியில் கிழிசலால் ரத்தம் இன்னும் இரண்டு பாதைகளாக ஓடுவது தெரிகிறது என்று எழுதியிருந்தது. அம்மா அன்று சமைக்கவே இல்லை. அறுவை தவறிப்போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிசல் இருந்தால் உடனே உயிருக்கு ஆபத்து அதிகம், அந்தப் பகுதியை மாற்றிவிட்டோம் என்று மருத்துவர் சொன்னார். கீழே நீண்டு போன கிழிசல் பலருக்கு அப்படியே மிஞ்சும். அதை இரத்த அழுத்த மருந்தாலும் ஆண்டுதோறும் எடுக்கும் ஸ்கேனாலும் காவல் காக்க வேண்டும். அப்பாவின் அழுத்தத்தை 130/80க்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலையும் மாலையும் நான்தான் அளந்து கொப்பியில் எழுதுகிறேன். அறுவைக்கு முன்பே யாராவது எங்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அந்த அவசரத்தில் சொல்லியிருந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்குமோ, தெரியாது.

திருச்சியிலிருந்து:

நான் எக்கோ எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மேலே கோவை ஐயா எழுதியதைப் படித்து மனம் கஷ்டமாகிவிட்டது. தயவுசெய்து உங்களுக்குப் பொருத்திய வால்வின் விவரம் உள்ள அட்டையை எப்போதும் கொண்டுவாருங்கள். எந்த வகை வால்வு, என்ன அளவு என்று தெரிந்தால்தான் 12 என்பது அதற்குச் சரியா என்று எங்களால் எழுத முடியும். அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் எடுக்கும் முதல் எக்கோதான் உங்கள் அளவுகோல். அதைத் தொலைக்காதீர்கள். 12 இரண்டு வருடமும் 12 ஆகவே இருந்தால் நிம்மதி. அதே 12 ஒருநாள் 25 ஆனால் வால்வில் உறைகட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையை விட்டுவிட்டவர்கள் சிலர் அந்த நிலையில் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். மூச்சு வாங்கினாலோ, வால்வின் ‘டிக்’ சத்தம் மங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

கோவையிலிருந்து, மீண்டும்:

திருச்சி அம்மா, அட்டையை இப்போது பர்ஸிலேயே வைத்திருக்கிறேன். முதல் எக்கோ, இரண்டு சி.டி.கள், ஐ.என்.ஆர். புத்தகம் எல்லாம் ஒரே கோப்பில் தேதி வரிசையில் இருக்கின்றன. சத்தத்தைப் பற்றிச் சொன்னீர்கள். வீடு அடங்கிய பிறகு என் மனைவிக்கும் அது கேட்கும். கேட்டால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்கிறாள்.

இரு இதழ் வால்வு குடும்பத்தில் தொடரலாம் என்பதால் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். மூத்தவனுக்கு வரும் வியாழக்கிழமை. அவனுக்கு வயது 17, கைப்பந்து ஆடுகிறான். அறிக்கை கைக்கு வந்ததும் ஈ.எஃப். எல்லாம் அப்புறம்தான், வால்வுக்கு எத்தனை இதழ் என்று எழுதியிருக்கிற வரியைத்தான் முதலில் தேடுவேன்.