மறு: பிளக்கில் அழுகும் குச்சிக்கு என்ன பெயர்?

> தண்டழுகல் என்றே வைத்துக்கொள்ளலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். பிளக்கில் (குச்சி குத்தி வேர்விட வைக்கும் மெத்தென்ற சின்னக் கட்டி) வேர்விடும் முன்பே குச்சி அடியில் அழுகுகிறதே, அதற்குத்தான் பெயர் தேடுகிறேன். தண்டழுகல் என்றால் நெல்காரர் தன் வயல் நோய் என்று நினைப்பார். அடித்தண்டழுகல் ஏற்கெனவே தென்னைக்குப் போய்விட்டது. 1952-இல் தஞ்சாவூரில் கண்ட வாடலுக்கு அது இன்னொரு பெயர். ஒரு கையேட்டில் 'வேரழுகல்' என்று போட்டிருந்தார்கள். வேரே விடாத குச்சிக்கு வேரழுகல் எங்கிருந்து வரும்? நாற்றழுகல் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. பல நேரம் காரணமும் அதே பித்தியம், ரைசோக்டோனியா என்ற கிருமிகள்தான். ஆனால் அது விதை முளைத்த நாற்றுக்கு உரிய சொல்.

நான் சொல்வது: போத்தழுகல். முருங்கைப் போத்து வெட்டி நடுகிறோமே, அந்தப் போத்து. நாற்றுக்கு நாற்றழுகல், போத்துக்குப் போத்தழுகல்.

போன ஐப்பசி மழையில் இங்கே கோத்தகிரியில் ரோஸ்மேரி ஐம்பது குச்சி வைத்தேன். பத்து நாள் இலை பச்சையாகவே இருந்து ஏமாற்றியது. ஒன்றை மெல்ல இழுத்தேன். தோல் பிளக்கிலேயே தங்கிவிட்டது, உள்நார் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. வெட்டுவாயிலிருந்து அரை அங்குலம் மை தொட்டதுபோல் கறுப்பு. மருந்து அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். பணம்தான் போனது.

குற்றம் தண்ணீரில். ஓரங்குல உயரப் பிளக்கில் அடியில் தேங்கும் நீர் தானாக இறங்காது. உயரம் குறையக் குறைய ஊறிக் கிடக்கும் பங்கு கூடும். தட்டிலும் நீர் நின்றால் கேட்கவே வேண்டாம், வெட்டுவாய்க்குக் காற்றே கிடைக்காது. இப்போது நனைத்த பிளக்கை உதறிவிட்டு (பிழிந்தால் காற்றுக்கண் மூடிக்கொள்ளும்) லேசான ஈரமணல்மேல் உட்கார வைக்கிறேன். மிச்ச நீரை மணல் இழுத்துக்கொள்கிறது. குச்சியை அடிவரை குத்துவதில்லை. ஈரக்காற்று இலைக்கு வேண்டும், அடிக்குத் தேவையில்லை. தேயிலை நர்சரியில் பையின் மேல்பாகத்துக்கு எருவில்லாத மணல்மண் போடுகிறார்களே, அதிலும் இந்தக் கணக்கு உண்டு.

பிளக்குக்கும் ஒரு சொல் வேண்டும். 'அடைப்பான்' வேண்டவே வேண்டாம், குழாயடி ஞாபகம் வருகிறது. மேலே அகலம், கீழே ஒடுக்கம், கையில் எடுத்தால் மெத்தென்று இருக்கும்: தக்கை. தக்கைப்பூண்டுச் செடியோடு குழம்பாமல் இருக்க 'வேர்த்தக்கை' எனலாமா?

– கோத்தகிரி

---

தம்பி, போத்தழுகல் வாய்க்கு நன்றாக வருகிறது. ஒரே ஒரு முட்டு. இங்கே பழத்தோட்டத்தில் போத்து என்றால் அடிமரத்தில் கிளம்பும் வீண்தளிர். 'போத்தை ஒடி' என்றுதான் ஆளிடம் சொல்வோம். கரும்பிலும் நீர்ப்போத்து உண்டு. போத்து அழுகுகிறது என்றால், சனியன் அழுகட்டும் என்று விட்டுவிடுவார்கள்! வேர்த்தக்கைக்கு மறுப்பில்லை.

– கொடைக்கானல்

---

ஐயா, சிரித்துவிட்டேன். முதல் தடவை 'நடுபோத்து' என்று எழுதிவிட்டால், பிறகு போத்தழுகல் என்றே ஓட்டலாம் இல்லையா? அடுத்த வாரம் கார்னேஷன் வைக்கிறேன். தட்டுச் சீட்டில் 'வேர்த்தக்கை' என்று எழுதி ஒட்டப்போகிறேன். ஆட்கள் அதைச் சொல்கிறார்களா, பிளக் என்றே கூப்பிடுகிறார்களா என்று பார்த்து எழுதுகிறேன்.

– கோத்தகிரி