புதுப்பிப்பு: சிங்கிள் பேஸில் பழைய மில்லிங் மெஷின் ஓடிவிட்டது

சூரமங்கலத்தில் என் வீட்டு ஷெட்டுக்கு சிங்கிள் பேஸ் லைன்தான், 2 எச்.பி. திரீ பேஸ் மோட்டார் உள்ள பழைய மில்லிங் மெஷினை (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) வாங்கலாமா, சும்மா இடத்தை அடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்.

மோட்டாரையே மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், கைகொடுத்தது வி.எஃப்.டி. (சிங்கிள் பேஸைத் திரீ பேஸாக மாற்றித் தரும் மின்னணுக் கருவி) யோசனைதான். அதில் 230 வோல்ட் சிங்கிள் பேஸ் போய் அதே 230 வோல்ட் திரீ பேஸாக வருவதால், 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருந்த மோட்டார் சுருள்களை 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா இணைப்பாக மாற்ற வேண்டியிருந்தது. சுருள்களின் ஆறு முனையும் டெர்மினல் பெட்டியில் இருந்ததால் தப்பித்தேன்.

எதிர்பாராதது, ஆன் செய்ததும் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தது, மிக்ஸி நின்று சமையலறையிலிருந்து கிடைத்த அர்ச்சனை தனி. வி.எஃப்.டி. ஃபில்டரின் எர்த் லீக்கேஜ்தான், அதாவது எர்த்துக்குக் கசியும் கரண்ட்தான் காரணம். ஷெட்டுக்கு மீட்டரிலிருந்தே தனி லைனும் தனி ஆர்.சி.சி.பி.யும் போட்ட பிறகு சரி.

அப்புறம், வெட்டிய பரப்பில் படி படியாக வந்தது. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் டயல் கேஜ் (நுண்ணிய வித்தியாசத்தை முள்ளால் காட்டும் அளவி) மாட்டிச் சுற்றிப் பார்த்தால் 200 மி.மீ.க்கு 0.12 மி.மீ. சாய்வு, ஸ்பிண்டில் இருக்கும் மெஷின் தலையை நிமிர்த்த ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

மெஷின் விலையில் பாதி கட்டர், அதைப் பிடிக்கும் கோலெட், வேலைப் பொருளைப் பிடிக்கும் வைஸ் என்று கரைந்தது, இதை யாரும் சொல்லவில்லையே! ஆனாலும் நேற்று ஷாஃப்டில் கீவே (கீ உட்காரும் பள்ளம்) வெட்ட அரை மணி நேரம்தான். முன்பு இதற்கு வெளிப் பட்டறையில் இரண்டு நாள் காத்திருப்பேன்.