2004க்கு அப்புறம் மறுபடியும் மணாலி: ரோதாங் ஏறுவதா, சுரங்கம் போதுமா?

மலைக்கோட்டைக்காரன்:
2004 ஜூனில் நண்பர்களோடு மணாலி போனது. அப்புறம் கல்யாணம், வீட்டுக் கடன் என்று வடக்கே தலைவைத்துப் படுக்கவே இல்லை. இப்போது மனைவியையும் ஏழாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆசை.

எனக்கு மணாலி என்றால் மால் ரோடு இல்லை, ரோதாங் கணவாய்தான். இருட்டோடு கிளம்பி, வழியில் ஒரு கடையில் வாடகைக்குத் தொளதொள கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு (எனக்குக் கிடைத்தது இரண்டுமே இடது கால்), மர்ஹியில் டீ குடித்துவிட்டு ஏறினோம். இந்தப் பக்கம் தேவதாருக் காடும் புல்வெளியும். உச்சியில் நின்று அந்தப் பக்கம் பார்த்தால் மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லாத லாஹௌல் மலைகள். அதைத்தான் மகளுக்குக் காட்ட வேண்டும்.

டிராவல்ஸ்காரரோ, "அதெல்லாம் பழைய கதை சார், சுரங்கத்தில் நுழைந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம்" என்கிறார். ரோதாங்குக்கு இப்போது யாருமே போவதில்லையா? மே மாதம் நல்லதா, காலாண்டு லீவா?

சண்டிகர்வாசி:
கணவாயை மூடவில்லை சார். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தார்கள், 9.02 கி.மீ. நீளம். மணாலியிலிருந்து லாஹௌலில் இருக்கும் கேலாங் ஊருக்குப் போகிறவர்களுக்கு 46 கி.மீ. மிச்சம். லாஹௌல் மக்களுக்கு அது பெரிய வரம், பனிக்காலத்தில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். ஆனால் நீங்கள் சொல்லும் காட்சி சுரங்கத்தில் கிடைக்காது. மழை மேகத்தைத் தடுத்து நிறுத்தி, அந்தப் பக்கத்தை மொட்டையாக வைத்திருக்கிற மலைக்கு அடியிலேயே புகுந்து போய்விடுகிறோமே.

3,978 மீட்டர் உச்சிக்குச் சுற்றுலா வண்டி ஏற பெர்மிட் வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் நாளொன்றுக்கு 800 பெட்ரோல், 400 டீசல் வண்டி என்று வரம்பு வைத்தது. செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மூடுவது வழக்கம். என் யோசனை: மேலே ஏறி, அந்தப் பக்கம் கோக்சரில் இறங்கி, அடுத்து வரும் சிஸ்ஸு ஊரில் சாப்பிட்டுவிட்டு, சுரங்கம் வழியாகத் திரும்புங்கள். கணவாயைத் தாண்டிப் போவதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெர்மிட் அதற்குத் தகுந்தபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஊர்சுற்றி:
ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு குல்லு–மணாலி சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. என் ஓட்டு காலாண்டு லீவுக்கு. வானம் தெளிவாக இருக்கும், ஆப்பிள் சீசன். விஜயதசமி அதை ஒட்டி வந்தால் குல்லு தசராவும் பார்க்கலாம். நமக்கு அன்றோடு முடிகிறது, அங்கே அன்றுதான் ஆரம்பம். சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு தால்பூர் மைதானத்துக்கு வருவார்கள்.

ரேவதி_கோவை:
எல்லாம் சரி, செப்டம்பர் கடைசியில் பனியை நம்பிப் போக முடியாது. பாப்பாவிடம் கேட்டீர்களா அண்ணா? வசிஷ்ட் வெந்நீர் ஊற்றில் பெண்களுக்குத் தனித் தொட்டி இருக்கிறது, அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிப் போங்கள். சித்து (ஆவியில் வேகவைக்கும் அந்த ஊர் கோதுமைப் பண்டம்) கிடைத்தால் நெய் தாராளமாக ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள். மணாலி போன அன்றைக்கே மட்டும் ரோதாங் ஏறாதீர்கள், மூச்சு வாங்கும்.

மலைக்கோட்டைக்காரன்:
கேட்டேன்மா. மரம் இல்லாத மலையை யார் பார்ப்பார்கள், பனிதான் வேண்டுமாம். சரி, மே கடைசி வாரம். கூட்டம் அள்ளும், தெரியும். பெர்மிட் விஷயத்தை டிராவல்ஸில் பேசிவிட்டு வருகிறேன்.