மாசா மாசம் அமாவாசை வருதே, கிரகணம் ஏன் வரலைன்னு பசங்க கேட்டா என்னன்னு சொல்றது?

காங்கயம் வாத்தியார்:

வணக்கமுங்க. காங்கயம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்பில் சூரிய கிரகணம் நடத்தினேன். ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் லைட் சூரியன், பிளாஸ்டிக் பந்து பூமி, பெரிய கோலிக்குண்டு நிலா என்று வைத்துக் காட்டினால், பந்து மேல் நிழல் நன்றாகவே விழுந்தது. பசங்களும் கை தட்டினார்கள். சரி, முடிந்தது என்று புத்தகத்தை மூடப் போகும்போது பின் பெஞ்சில் இருந்து ஒருத்தன் எழுந்து, "சார், அமாவாசைக்கு நிலா நடுவுல வருதுன்னீங்க. அப்படீன்னா மாசா மாசம் கிரகணம் வரோணுமில்லீங்க?" என்றான்.

நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால் நிழல் மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும் என்று சொன்னேன். தலையை ஆட்டினான், அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எல்லா வாத்தியாருக்கும் தெரியும். அதோடு விட்டார்களா? ஒரு பொண்ணு பாகைமானியை எடுத்துக்கொண்டு வந்து போர்டில் இருந்த என் படத்திலேயே 5 டிகிரி போட்டுக் காட்டினாள். அப்பவும் நிழல் பூமி மேல்தான் விழுகிறது! "அஞ்சு டிகிரி கொஞ்சூண்டுதானுங்க சார்" என்கிறாள். எனக்கே குழம்பிவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று மணி அடித்ததும் வந்துவிட்டேன், அந்த நாளை இன்னும் வரவில்லை.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, நமக்குச் சாயங்காலம் பகுதி கிரகணம் இருக்கிறது. அதற்குள் இதை உருப்படியாகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை. யாராவது செய்து பார்த்த வழி இருந்தால் சொல்லுங்க.

சென்னிமலைத் தறி:

அந்தப் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு சரி சார், உங்க படம்தான் தப்பு. உங்களது மட்டும் இல்லை, பெரும்பாலான புத்தகத்துப் படமும் அப்படித்தான். பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று பூமியையும் நிலாவையும் ஒரு சாண் இடைவெளியில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கிட்டத்தில் 5 டிகிரி என்பது ரெண்டு செ.மீ. கூட வராது, நிழல் எப்படித் தப்பும்?

இப்படிச் செய்யுங்க. உரித்த தேங்காய் ஒன்று, குறுக்கே 12 செ.மீ. வருகிற மாதிரி. அது பூமி. நிலா அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், 3.3 செ.மீ., சின்ன நாட்டு எலுமிச்சை ஒன்று போதும். இப்போது ரெண்டையும் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று பசங்களையே கேளுங்க. ஒரு முழம் என்பார்கள், ரெண்டு முழம் என்பார்கள். பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே முப்பது பூமியை வரிசையாக அடுக்கலாம். ஆக முப்பது தேங்காய், 12 அடி! டேப்பை இழுத்துக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பாருங்க. 12 அடி தூரத்தில் 5 டிகிரி என்றால் ஒரு அடி. எலுமிச்சை தேங்காயை விட ஒரு அடி மேலேயோ கீழேயோ போனால் நிழல் காற்றில்தானே போகும். நிழல் தேங்காயைத் தொட வேண்டுமானால் எலுமிச்சை நேர்கோட்டில் இருந்து அரைச் சாணுக்குள் இருந்தாக வேண்டும். பையனின் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

ரெண்டாவது தப்பு டார்ச். டார்ச்சின் வெளிச்சம் சின்ன இடத்தில் இருந்து விரிந்து வருவதால், நிழல் போகப் போகப் பெரிதாகும். நிஜத்தில் சூரியன் நிலாவை விட 400 மடங்கு பெரிது, தூரமும் ஏறக்குறைய அதே 400 மடங்கு, அதனால்தான் ரெண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. பெரிய விளக்குக்கு முன்னால் சின்னப் பொருள் இருந்தால் நிழல் கூம்பு மாதிரி குறுகிக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். எலுமிச்சையின் கூம்பு எங்கே முடியும் தெரியுமா? அதன் குறுக்களவைப் போல 108 மடங்கு தள்ளி, அதே 12 அடியில். அதனால் டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போங்க. மேலே இருக்கிற சூரியனே உங்கள் மாதிரிக்கும் சூரியன். (இந்த அளவில் பொம்மைச் சூரியன் செய்வதென்றால் நாலு மாடி உயரத்துக்குச் செய்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பணம் பத்தாது.)

நாலு மணிக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகு செய்யுங்க, உச்சி வெயிலில் எலுமிச்சையைப் பிடிக்கப் பனைமரம் ஏற வேண்டியிருக்கும். தேங்காயில் சுண்ணாம்பு அடித்துக் காய வையுங்க, இல்லாவிட்டால் அந்தப் பழுப்பு நிறத்தில் நிழல் தெரியாது. எலுமிச்சையை நூலில் கட்டாதீங்க, உங்க ஊர்க் காத்துக்கு அது ஆடிக்கொண்டே இருக்கும். சைக்கிள் போக்ஸ் கம்பியில் குத்தி மூங்கில் நுனியில் கட்டுங்க. பிடிக்கிற பையன் வெயிலுக்கு முதுகைக் காட்டி, தரையில் இருக்கிற நிழலை மட்டும் பார்த்து நகர்த்த வேண்டும். குறி வைக்கிறேன் என்று எவனும் சூரியனைப் பார்க்கக் கூடாது, இதை முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுங்க.

நொய்யல்கரை:

இவ்வளவு பாடு எதுக்குங்க. ஸ்டெல்லேரியம் ஆப்பை ஸ்மார்ட் போர்டில் போட்டால் எந்த ஊரு, எந்தத் தேதி என்றாலும் நிமிசத்துக்கு நிமிசம் காட்டிவிடும். தேங்காய், எலுமிச்சை, சுண்ணாம்பு... பள்ளிக்கூடமா, திருஷ்டி கழிக்கிற இடமா?

சென்னிமலைத் தறி:

ஆப் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். அது என்ன நடக்கும் என்று காட்டும். ஏன் மத்த மாசம் நடக்கவில்லை என்பது, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிழலைத் தேங்காய் மேல் கொண்டுவர அஞ்சு நிமிசம் தடுமாறினவனுக்குத்தான் உறைக்கும்.

ஈரோட்டு டீச்சரம்மா:

தேங்காய் முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. நான் பாதுகாப்பைப் பற்றியும் வீட்டுப் பேச்சைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன், ரெண்டுமே வகுப்பில் கட்டாயம் வரும்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தின் (நிலா நடுவை மட்டும் மறைக்க, சூரியனின் ஓரம் மோதிரம் மாதிரி தெரிவது) பாதை நம்ம பக்கத்திலேயேதான் போச்சு. ஊட்டி, கோயமுத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் என்று வரிசையாக. ஒன்பதரை மணி வாக்கில் மூணு நிமிசம் போல வளையம். அரையாண்டு லீவு வேறு, பசங்க எல்லாம் வீட்டில்தான். எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) யாரையும் வாசலுக்கு விடவில்லை. நான் சந்தகை (இடியாப்பம்) பிழிகிற அச்சின் ஓட்டைத் தட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் திண்ணையில் விழுந்த வெயிலில் ஒரு அடி உயரத்தில் பிடித்தேன். கீழே ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டிப் பிறை! கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வளையமாக மாறியது, கடுகு மோதிரம் பரப்பி வைத்த மாதிரி. அமுச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் காலையிலே அச்சைத் தேடினியா கண்ணு" என்றார்களே ஒழிய, திட்டவில்லை. வேப்பமரத்தடியிலும் இப்படியே விழும், இலைக்கு நடுவே இருக்கிற ஒவ்வொரு சந்தும் ஒரு ஊசித்துளைதான்.

வகுப்பு முழுவதும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி மேல் காகிதம் ஒட்டி, அதில் மிளகு அளவு ஓட்டை போட்டு, வெளியே இருந்து வகுப்பறைச் சுவருக்கு வெயிலைத் திருப்புங்க. முப்பது முப்பத்தஞ்சு அடி தள்ளி இருக்கும் சுவரில் சாசர் அளவுக்குச் சூரியன் தெரியும். எக்ஸ்ரே பிலிம், கரி பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ், மஞ்சள் தண்ணித் தட்டு எதுவும் வேண்டாம். விழித்திரைக்கு வலி தெரியாது, சுடும்போது ஒன்றும் தெரியாமல் அப்புறம்தான் தெரியும், அதுதான் ஆபத்து. நேராகப் பார்ப்பதற்கென்றே வருகிற கிரகணக் கண்ணாடி (ஐஎஸ்ஓ 12312-2 என்று போட்டிருக்கும்) கீறல் இல்லாமல் இருந்தால் சரி, இல்லையென்றால் 14ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி.

அப்புறம் உலக்கை. "கிரகணத்தப்போ எங்க வீட்டுல உலக்கை தானா நின்னுச்சு மிஸ்" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். பொய் என்று சொல்லாதீங்க, அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அதே உலக்கையைக் கொண்டுவரச் சொல்லி, தட்டில் தண்ணி ஊற்றி நிறுத்தச் சொல்லுங்க. பூண் தேயாமல் அடி தட்டையாக இருந்தால் அன்றைக்கும் நிற்கும். நான் மூணு உலக்கையில் பார்த்தேன், ரெண்டு நின்றது, ஒன்று என்ன செய்தும் நிற்கவில்லை. நிற்காததற்கு என்ன காரணம் என்று பசங்களே கண்டுபிடித்தார்கள்.

ராகு கேது கேட்டாலும் பயப்படாதீங்க. நிலாவின் சாய்ந்த பாதை சூரியன் போகிற பாதையை வெட்டுகிற ரெண்டு இடத்துக்குத்தான் நம் பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்று பேர். அமாவாசை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கிரகணம், அதனால்தான் வருசத்துக்கு ரெண்டு பருவமாக வருகிறது. நிலா சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலாவை மறைக்கிறது என்று 499லேயே ஆரியபட்டர் எழுதி வைத்துவிட்டார்.

அவினாசிக்காரன்:

எல்லாரும் 2019ஐச் சொல்கிறீர்கள், நான் ஒரு 150 வருசம் பின்னால் போகிறேன். 1871 டிசம்பர் 12, விடிந்து கொஞ்ச நேரத்தில் நம்ம கொங்கு மேல் முழு சூரிய கிரகணமே போயிருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் இருந்து போக்சன் குழு வந்து டேரா போட்டது எங்க அவினாசியில். இன்னொரு குழு தொட்டபெட்டா உச்சியில். பிரான்சில் இருந்து ஜான்சன் என்ற வானியலாளர் நீலகிரியில் சோலூருக்கு வந்தார். இதே ஜான்சன்தான் 1868 கிரகணத்தைக் குண்டூரில் பார்த்தவர், ஹீலியம் கண்டுபிடித்த கதையில் வருகிறவர். உங்க பசங்களுக்கு எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கிரகணப் போட்டோவைக் காட்டுவதற்குப் பதில், அவினாசித் தேருக்குப் போகிற ரோட்டில் பட்டப்பகல் இருண்டதைச் சொல்லுங்க, நிமிர்ந்து உட்காருவார்கள். அன்றைக்கு நிழலின் முனை நம்ம தரையைத் தொட்டது. 2019ல் முனை பூமிக்கு எட்டாமல் மேலேயே முடிந்துவிட்டது, அதனால்தான் வளையம். அவ்வளவுதான் வித்தியாசம்.

காங்கயம் வாத்தியார்:

செஞ்சாச்சுங்க! விவரமாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை நாலேகாலுக்கு மைதானத்தில் டேப் பிடித்து 12 அடி அளந்தோம். சுண்ணாம்புத் தேங்காயை ஒரு செங்கல் மேல் வைத்தோம். கேள்வி கேட்ட அதே பையன் படிக்கட்டு மேல் நின்று மூங்கிலைப் பிடித்தான். நிழலைத் தேங்காய் மேல் கொண்டுவர எவ்வளவு நேரம் என்கிறீர்கள்! "மேலே... மேலே... அய்யோ போச்சு... பின்னாலே வாடா" என்று முப்பது பேரும் கத்துகிறார்கள். கம்பி அரைச் சாண் அசைந்தால் நிழல் தேங்காயைத் தாண்டி மண்ணுக்குப் போய்விடுகிறது. ரோட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங் வாத்தியாரே, பள்ளிக்கூடத்துக்கு ஆராச்சும் எதாச்சும் வெச்சுப் போட்டாங்களா?" என்று கேட்டார். நொய்யல்கரை சார், நீங்க சொன்னது பலித்துவிட்டது.

கடைசியில் விழுந்தது. நான் நினைத்த மாதிரி எலுமிச்சை வடிவத்தில் கறுப்பு வட்டம் இல்லை. தேங்காயில் பாதி அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கறை, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, நடுவில் மட்டும் கடுகு அளவுக்கு இருட்டு. "அந்தக் கடுகுக்குள்ள இருக்கிற ஊருக்கு மட்டும்தான் முழு கிரகணம், சாம்பலில் இருக்கிறவங்களுக்குப் பாதி" என்றேன், வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாகைமானிப் பொண்ணு போய் எலுமிச்சையை ஒரு அடி தூக்கச் சொல்லி, நிழல் தேங்காய்ப் பக்கமே வரவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, "இதுதானுங்களா சார் அஞ்சு டிகிரி" என்றாள். அப்புறம் அவளே ரெண்டையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். தேங்காய் நிழல் எலுமிச்சையை அப்படியே முழுங்கிவிட்டது, குறியே வைக்க வேண்டியதில்லை. சந்திர கிரகணம் வந்தால், அப்போது வானத்தில் நிலா தெரிகிற எல்லா ஊருக்கும் அது ஏன் தெரிகிறது என்பது அதில் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து ஆறாம் வகுப்புக்குக் காட்டலாம் என்று அதே தேங்காய், அதே எலுமிச்சையை எடுத்துப் போனோம். எவ்வளவு முயன்றும் நடுவில் அந்தக் கடுகு இருட்டு வரவில்லை, வெறும் சாம்பல்தான். தூரம் சரியாக 12 அடி, ரெண்டு தடவை அளந்தாச்சு. அப்புறம் மூங்கில் பிடித்த பையன் கம்பியைக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்: "சார், நிலா காஞ்சு போச்சுங்க சார்." எலுமிச்சை வெயிலில் சுருங்கி, நிழல் முனை தேங்காய்க்கு எட்டாமல் போயிருக்கிறது. 2019 வளையம் தானாக நடந்துவிட்டது. நிஜ நிலா காய்வதில்லை, சில சமயம் 3 லட்சத்து 60 ஆயிரம் கி.மீ. கிட்டே வரும், சில சமயம் 4 லட்சத்து 5 ஆயிரம் தள்ளிப் போகும், தள்ளி இருக்கும்போது சின்னதாகத் தெரியும் என்று சொல்லி, காய்ந்த எலுமிச்சையையே ஒன்றரை அடி முன்னால் கொண்டுவரச் சொன்னேன். கடுகு திரும்ப வந்தது.