வகுப்பு நடுவில லெப்டொப் சட்டெண்டு ஓஃப் ஆகுது, கடையில வச்சா ஒண்டும் நடக்குதில்ல

கல்லடிக் கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லடி, வீடு கடலுக்குக் கிட்ட. பின்னேரத்தில சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஸூமில கணிதம் எடுக்கிறன். லெப்டொப் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரம், விண்டோஸ் 10. பாவிச்சதுதான் வாங்கினது.

வகுப்பு நடக்கக்குள்ள திரை கறுத்து ஒரேயடியா நிண்டுபோகுது. நீலத்திரை வருதில்ல, ‘ஷட்டிங் டவுன்’ எண்டும் காட்டுதில்ல. சார்ஜர் குத்தித்தான் இருக்கும், பற்றரி குறி 80க்கு மேல நிக்கும். திரும்பப் பொத்தானை அமத்தினா ஒண்டும் நடக்காத மாதிரி எழும்புது. வகுப்பு இல்லாத நேரம் சும்மா வேர்ட்டில வினாத்தாள் அடிச்சா ஒரு பிரச்சினையும் இல்ல.

டவுனில ஒரு கடையில குடுத்தன். நாள் முழுக்க ஓட விட்டுப் பாத்தும் ஓஃப் ஆகல்லயாம். கடைசியா “மதர்போட் மாத்தினாத்தான் சரிவரும்” எண்டு ஒரு விலை சொன்னாங்க. அந்த விலைக்கு பாவிச்ச இன்னொரு லெப்டொப்பே எடுக்கலாம். வீட்ட கொண்டுவந்தா அண்டைக்கே வகுப்புக்குள்ள ஓஃப். என்ன செய்யலாம்?

ஆரையம்பதியான்:
வைரஸா இருக்கும் டீச்சர். ஃபோமற் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போடுங்க, எல்லாம் சரிவரும்.

களுதாவளை வெத்திலை:
ஃபோமற் எல்லாம் வேணாம். இது சூடு. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில எங்கட வீட்டுக்குள்ளயே மனுசர் இருக்க ஏலா, லெப்டொப் மட்டும் இருக்குமா? ஸூம் ஓடக்குள்ள கமரா, மைக், திரைப் பகிர்வு எல்லாம் சேர்ந்து புரொசசர் கொதிக்கும். ஃபேனில தூசு அடைச்சிருக்கும், புரொசசர் சூட்டை வெளிய கடத்துற பேஸ்ட் காஞ்சிருக்கும். கழட்டித் துப்புரவாக்கிப் புதுப் பேஸ்ட் பூசுங்க. என்ட லெப்டொப்பும் இப்படித்தான் நிண்டது, பேஸ்ட் பூசினாப் பிறகு சரி.

கல்முனை டெக்:
டீச்சர், ஃபோமற்றும் வேணாம், உடன கழட்டவும் வேணாம். வைரஸ் வந்த மிசின் மெதுவாகும், இல்லாட்டி ஒழுங்கா ஷட்டவுன் ஆகும். கரண்ட் வெட்டின மாதிரி நிக்கிறது பெரும்பாலும் சூடு, இல்லாட்டி மின்சாரம். ரெண்டில எது எண்டு காசு செலவழிக்காமலே பாக்கலாம்.

முதல்ல விண்டோஸ் தன்ர பதிவுகளைக் காட்டுற ஈவன்ட் வியூவரைத் திறந்து ‘சிஸ்டம்’ பதிவுகளைப் பாருங்க. ஓஃப் ஆகித் திரும்ப எழும்பின நேரத்தில கர்னல்-பவர் 41 எண்டு ஒண்டு கிடக்கும். அதைப் பாத்துப் பயப்பட வேணாம். போன தடவை ஒழுங்கா மூடல்ல எண்டு மட்டும்தான் அது சொல்லுது, காரணம் சொல்லாது. பக்கத்தில 86 எண்டு இருந்தா மட்டும் கவனியுங்க, அது சூட்டால நிப்பாட்டினது. ஆனா 86 இல்லாட்டி சூடு இல்ல எண்டு முடிவு கட்டவும் ஏலா. அளவு மிஞ்சினா வன்பொருளே தானா வெட்டும், அப்ப விண்டோஸுக்கு எழுதி வைக்க நேரம் கிடைக்காது.

அதால ரெண்டாவது வேலை: எச்டபிள்யூஇன்ஃபோ எண்டு, உள் சூட்டை அளந்து காட்டுற மென்பொருள் ஒண்டு இலவசம். சென்சர் ஜன்னலில கீழ லொக், அதாவது பதிவு, எடுக்கிற பொத்தான் இருக்கு. வகுப்புத் தொடங்க முன் அதை அமத்தி விடுங்க. ஓஃப் ஆனாப் பிறகு அந்தக் கோப்பை எக்செல்லில திறந்து கடைசி வரியைப் பாருங்க. புரொசசர் 97, 98 பாகையில நிண்டா வெத்திலைத் தம்பி சொன்னது சரி. இன்டெல் புரொசசர் அநேகமானது 100 வரைக்கும் போய்த்தான் தன்னைக் காப்பாத்தப் பாக்கும்.

சார்ஜரில என்ன எழுதியிருக்கு எண்டும் சொல்லுங்க.

கல்லடிக் கரை:
நன்றி நானா. இண்டைக்கும் ஓஃப் ஆனது. 41 மட்டும்தான் கிடக்கு, 86 இல்ல. லொக்கில கடைசி வரி 74 பாகை. அதுக்கு முன்னயும் 80ஐத் தாண்டல்ல. ஃபேன் சத்தம் கேக்குது, காத்தும் வருது.

சார்ஜரில 19.5 வோல்ட், 3.34 அம்பியர் எண்டு இருக்கு. லெப்டொப்போட வந்த அதே சார்ஜர்தான்.

இன்னொண்டு. சில நாள் பக்கத்து வீட்டுக் கிணத்து மோட்டர் போடுற நேரத்துக்கும் இது ஓஃப் ஆகிற நேரத்துக்கும் பொருந்துற மாதிரி இருக்கு. எங்கட வீட்டுக்கும் அவங்கட வீட்டுக்கும் கிணறு ஒண்டுதான். மோட்டர் வயரை எங்கட விறாந்தை மல்டி பிளக்கிலதான் குத்துறவங்க. நான் வகுப்பு எடுக்கிறதும் விறாந்தையில.

அக்கரைப்பற்றான்:
அப்ப முடிஞ்சுது கதை. மோட்டர் எடுக்கக்குள்ள வோல்டேஜ் இறங்குது. ஸ்டெபிலைசர் ஒண்டு வாங்கிப் போடுங்க.

களுதாவளை வெத்திலை:
74 எண்டா சூடு இல்லத்தான். என்ட கட்சி தோத்துப் போச்சு.

கல்முனை டெக்:
ஸ்டெபிலைசருக்கு அவசரப்பட வேணாம். டீச்சர், சார்ஜர் லேபிளில ‘இன்புட்’ எண்ட இடத்தில 100 தொடங்கி 240 வோல்ட் வரை எண்டு போட்டிருக்கும், பாருங்க. நம்மட கரண்ட் 230. மோட்டர் எடுக்கக்குள்ள பல்ப் மங்கும் அளவுக்கு, 180, 170க்கு இறங்கினாலும் அந்தச் சார்ஜர் கணக்கெடுக்காது. வோல்டேஜ் குறைஞ்சு லெப்டொப் நிக்கிறது எண்டது இந்தச் சார்ஜருகள் வந்த காலத்தில இருந்தே பொருந்தாத கதை.

19.5ஐ 3.34ஆல பெருக்கினா 65 வோட். இந்த வகை லெப்டொப்புக்கு அது போதும், சார்ஜர் சின்னன் எண்ட சந்தேகமும் போச்சு.

என்ட கேள்வி வேற. கரண்டே ஒரு நொடி முழுசா போனாலும் லெப்டொப் ஏன் நிக்கணும்? உள்ளுக்குள்ள பற்றரி இருக்கே. 80 வீதம் காட்டுற பற்றரி குறைஞ்சது ஒரு மணித்தியாலமாவது தாங்க வேணாமா? பற்றரியைத்தான் விசாரிக்கணும்.

கட்டளை அடிக்கிற ஜன்னலான கமாண்ட் புரொம்ப்ட்டைத் திறந்து ஆங்கிலத்தில ‘பவர்சிஎஃப்ஜி’ எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, அதோட ஒட்டி ‘பேட்டரிரிப்போர்ட்’ எண்டு அடியுங்க. அறிக்கை எந்த ஃபோல்டரில சேமிச்சது எண்டு அதுவே சொல்லும். அதில ‘டிசைன் கெப்பாசிட்டி’ (புதுசில பற்றரி கொள்ளுற அளவு), ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ (இப்ப கொள்ளுற அளவு) எண்டு ரெண்டு இலக்கம் இருக்கும்.

பிறகு வகுப்பு இல்லாத நேரம், திறந்து கிடக்கிற கோப்பெல்லாம் சேமிச்சிட்டு ரெண்டு சோதனை. ஒண்டு, சும்மா இருக்கக்குள்ள சார்ஜர் வயரைப் பிடுங்குங்க. மற்றது, ஸூமில தனியாச் சேர்ந்து கமராவும் திரைப் பகிர்வும் போட்டு, கூட ஒரு வீடியோவும் ஓட விட்டுப் பிடுங்குங்க.

கல்லடிக் கரை:
நானா, டிசைன் 41,440, ஃபுல் சார்ஜ் 12,980 எண்டு காட்டுது.

சும்மா இருக்கக்குள்ள பிடுங்கினன், ஓடிக்கொண்டே இருந்தது. வேலை குடுத்துப் பிடுங்கினன், கை எடுக்க முன்ன செத்துது. குறி 83 வீதம்! எப்படி 83 வீதத்தில சாகும்?

கல்முனை டெக்:
பிடிபட்டுது. மூண்டில ஒரு பங்குதான் அந்தப் பற்றரியில மிச்சம். 83 வீதம் எண்டது அந்த மிச்சத்தின்ர 83 வீதம், அதுவும் ஒரு மதிப்பீடுதான். கிழட்டுப் பற்றரியின்ர உள்தடை கூடியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா கேட்டா குடுக்கும். ஒரேயடியாக் கேட்டா செல்லின்ர வோல்டேஜ் சரிஞ்சு, பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும். அதான் வேர்ட்டில தாங்குது, ஸூமில தாங்குதில்ல.

கடைக்காரரும் பொய் சொல்லல்ல. அவங்க மேசையில நல்ல பிளக் பொயின்ற், மிசினும் சும்மா கிடந்திருக்கும். சார்ஜர் ஒரு கணமும் விடுபடல்ல, அதால பற்றரிக்குச் சோதனையே வரல்ல. ஆனா மதர்போட் மாத்தச் சொன்னது எந்தக் கணக்கு எண்டு எனக்கு விளங்கல்ல.

மிச்சம் ஒண்டுதான்: சார்ஜர் ஏன் விடுபடுது? விறாந்தை, கடல் கிட்ட, மல்டி பிளக். கல்லடி, பாசிக்குடா, நிந்தவூர் எண்டு கரையில இருந்து எனக்கு வாற சாமானில பாதிக்கு உப்புக் காத்துத்தான் வியாதி. பித்தளைத் தகடு பச்சை பூத்து, பிடி தளர்ந்து நிக்கும். அதே மல்டி பிளக்கில மோட்டர் வயரைக் குத்தினா முழுக்க ஆடும், உங்கட சார்ஜர் கண்ணிமைக்கிற நேரம் விடுபடும். மோட்டர் இழுக்கிற கரண்டுக்கு அந்தத் தளர்ந்த தகட்டில பொறியும் பறக்கும்.

சார்ஜரை அறைக்குள்ள சுவர்ப் பொயின்ற்றில நேரடியாக் குத்தி ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்க. மல்டி பிளக்கைக் கழட்டிப் பாக்கிறதெண்டா முதல்ல சுவரில இருந்து எடுத்திட்டுத்தான்.

கல்லடிக் கரை:
அறைக்குள்ள இருந்து எடுத்த வகுப்பு எல்லாம் கடைசி வரைக்கும் போச்சு, மோட்டர் போட்டும் ஒண்டும் நடக்கல்ல. மல்டி பிளக்கை வயரிங் வேலை செய்யிற அண்ணன் கழட்டிக் காட்டினார். ஒரு பக்கம் பச்சை, மோட்டர் குத்துற பக்கம் பிளாஸ்டிக் உருகிக் கறுத்துக் கிடக்கு. அதைத் தூக்கி எறிஞ்சாச்சு. மோட்டருக்கு வேற பொயின்ற் இழுக்கச் சொல்லியிருக்கன்.

பற்றரி மாத்தணுமா, இப்படியே சமாளிக்கலாமா?

கல்முனை டெக்:
மாத்துங்க. கரண்ட் வெட்டினா வகுப்பு நிக்கும், சேமிக்காத கோப்பும் போகும். அதுக்கு முதல் லெப்டொப்பைத் தட்டையான மேசையில வச்சுப் பாருங்க. அடிப்பக்கம் ஆடினாலோ டச்பேட் மேல தள்ளினாலோ பற்றரி ஊதியிருக்கு. அப்படியெண்டா சார்ஜ் ஏத்தாம உடன கழட்டக் குடுங்க. அமத்திப் பாக்கிறது, குத்தி வாயு எடுக்கிறது எல்லாம் நெருப்பில முடியும்.

வாங்கக்குள்ள லெப்டொப் மொடலை மட்டும் சொல்லி வாங்க வேணாம். பழைய பற்றரியில இருக்கிற பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்க. ஒரே மொடலுக்கே 11.4 வோல்ட், 15.2 வோல்ட் எண்டு ரெண்டு வகை வரும், ஒண்டுக்கு ஒண்டு சரிவராது. போட்டவுடன கடையிலயே அந்த அறிக்கையைத் திரும்ப எடுத்து ரெண்டு இலக்கமும் கிட்டக்கிட்ட நிக்குதா எண்டு பாத்திட்டுக் காசு குடுங்க.

ஆரையம்பதியான்:
நானா, எனக்கும் இதே பிரச்சினை. ஆனா ஓஃப் ஆகிறல்ல, தானா ரீஸ்டார்ட் ஆகுது. இடைக்கிட நீலமா ஒண்டு மின்னி மறையுது.

கல்முனை டெக்:
அது வேற வியாதி தம்பி. ஈவன்ட் வியூவரில 1001, பக்-செக் (நீலத்திரை வந்த பதிவு) எண்டு கிடக்கா பாருங்க. அதில இருக்கிற குறியீட்டைப் புது இழை ஒண்டில போடுங்க, ரம்மில இருந்து பாத்து வருவம். அதுக்குள்ள ஃபோமற் அடிச்சிடாதீங்க, அந்தப் பதிவும் சேர்ந்து போயிரும்.